இரண்டாவது டிஸ்க்கில் பூதம் இல்லை

ஒரு படத்தை நாற்பது முறை பார்த்த ஒருவர், அந்தப் படத்தைப் பார்க்காதவராகவும் இருக்க முடியுமா? முடியும். நான் இருந்திருக்கிறேன். அதோடு நிற்காமல், பார்க்காத அந்தப் படத்தைப் பற்றி அறுபது பேர் முன்னால் மைக் பிடித்துப் பன்னிரண்டு நிமிடம் பேசியும் இருக்கிறேன். (கொடுத்தது பத்து நிமிடம்தான். மணி அடித்த பிறகு பேசியதுதான் இன்னும் மோசம்.)

முதலில் என் தலைக்கனத்தைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். அது இல்லாமல் இந்தக் கதை நடந்திருக்காது.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் படித்தவள் நான். அம்மா பள்ளிக்கூடத்தை வெளியிலிருந்து பார்த்தவர். அப்பா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, பிடிக்காமல் மூன்றாம் நாளே திரும்பி வந்தவர். ஜூரோங்கில் ஷிப்யார்டு வெல்டர். நான் பல்கலைக்கழகத்தில் ஊடகவியல் பட்டம் வாங்கிய அன்று எடுத்த போட்டோ, சுவா சூ காங்கில் எங்கள் வீட்டு டிவிக்கு மேலே சாமி படத்துக்குச் சமமான உயரத்தில் மாட்டப்பட்டது. கம்பெனி பஸ்ஸில் அப்பாவின் போனிலிருந்த அந்தப் போட்டோவைப் பார்க்காமல் யாரும் இறங்க முடியாது.

இவ்வளவு கொண்டாடினால் ஒரு பெண் எப்படி அடக்கமாக இருப்பாள்? நானும் இருக்கவில்லை. 'கதை' என்று சொல்வதை நிறுத்திவிட்டேன். 'கதையாடல்' என்றுதான் வாயில் வரும். ஒரு நாள் சாம்பார் அடிப்பிடித்தபோது, "இதோட கட்டமைப்பிலேயே கோளாறு இருக்கும்மா" என்றேன். அம்மா கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

இனி படத்துக்கு வருகிறேன். பெயர் 'தையல்கடை பூதம்'. எனக்கு ஆறு வயது இருக்கும்போது அப்பாவும், புக்கிட் பாஞ்சாங்கில் இருக்கும் சித்தப்பாவும் சிராங்கூன் ரோட்டுக் கடையொன்றில் ஆளுக்கொரு விசிடி வாங்கினார்கள். அப்பா வாங்கியது பூதம். சித்தப்பா வாங்கியது 'இன்ஸ்பெக்டர் இளவழகன்'. இரண்டிலும் ஒரே கதாநாயகன், ஒரே கம்பெனி வெளியீடு. ஒவ்வொன்றிலும் இரண்டு டிஸ்க். கீறல் இருக்கிறதா என்று பார்க்க, நான்கையும் சித்தப்பா வீட்டு பிளேயரில் போட்டுப் பார்த்துவிட்டு ஆளுக்கு இரண்டாக எடுத்துக்கொண்டார்கள். (இந்த வரியை மறந்துவிடாதீர்கள். நாங்கள் இருபது வருடம் மறந்திருந்தோம்.)

எங்கள் வீட்டில் ஓடிய படம் இதுதான். மாணிக்கம் என்ற ஏழைத் தையல்காரர் ஒரு பழைய தையல் மிஷின் வாங்குகிறார். அதைப் பின்பக்கமாக மிதித்தால் பூதம் வருகிறது. பூதம் கேட்டதைக் கொடுக்கும், ஆனால் அளவு தப்பும். எது கேட்டாலும் ஓர் இஞ்ச் கூடும், அல்லது குறையும். மாணிக்கம் மாளிகை கேட்டால், வாசற்படி அவர் தலையைவிட ஓர் இஞ்ச் தாழ்வாக இருக்கும். கார் கேட்டால் தெருவைவிட ஓர் இஞ்ச் அகலம். கடைசியில் வெறுத்துப்போய் மாணிக்கம் கத்துகிறார்: "இந்தப் பொழப்பே வேணாம்! என்னை வேற ஆளா மாத்திடு!" பூதம் விரலைத் தூக்குகிறது. முதல் டிஸ்க் முடிகிறது. டிவி நீலமாகிறது.

அப்பா எழுந்து இரண்டாவது டிஸ்க்கைப் போடுவார். ரயில் கூவும். பெரிய மீசையோடு, போலீஸ் உடுப்பில், அதே கதாநாயகன் உப்பளம் பக்கமாக ஒரு ஸ்டேஷனில் இறங்குவார்.

வேறு என்ன நினைப்பீர்கள்? பூதம் அவரை வேறு ஆளாக மாற்றிவிட்டது! நாங்கள் கைதட்டினோம்.

அதற்குப் பிறகு ஒன்றேகால் மணி நேரம் பூதம் வராது. கடத்தல்காரர்களை உப்பு மூட்டை உப்பு மூட்டையாக அடிப்பதுதான் படம். எனக்கு நிறையச் சந்தேகங்கள் இருந்தன. எல்லாவற்றுக்கும் அப்பாவிடம் பதில் இருந்தது.

"அப்பா, பூதம் எங்கப்பா?"

"அந்த ஏட்டோட தொப்பையப் பாரு மலரு. பூதத்துக்கும் அதே தொப்பைதானே? மாறுவேஷத்துல காவலுக்கு வந்திருக்கு."

"பொண்டாட்டி வேற ஆளா இருக்காங்களே?"

"ஆளையே மாத்துற பூதம் பொண்டாட்டிய மாத்தாதா?"

அம்மா இரண்டு நாள் அப்பாவோடு பேசவில்லை. ஆனால் விளக்கத்தை ஏற்றுக்கொண்டார்.

சித்தப்பா ஒருமுறை வந்தபோது, "நம்ம போலீஸ் படத்துலயும் பாதிக்கு மேல ஒரு பூதம் வருதுண்ணே" என்றார். அப்பா கொஞ்சம்கூட யோசிக்காமல், "அந்தக் காலத்துல எல்லாப் படத்துலயும் ஒரு பூதம் வச்சிருவாங்கடா" என்றார். விஷயம் அதோடு முடிந்தது.

மூன்று வருடங்களுக்கு முன்னால், 'தையல்கடை பூதம்' இரண்டாம் பாகம் வரப்போவதாக அறிவித்தார்கள். அப்போது நான் ஓர் அலுவலகத்தில், மற்றவர்கள் எழுதிய அறிக்கைகளில் பக்க எண் சரியாக இருக்கிறதா என்று பார்க்கும் வேலையில் இருந்தேன். (ஊடகவியல்!) இணைய வானொலியில் சினிமா நிகழ்ச்சி நடத்தும் ரஹ்மத் அக்கா எனக்குப் பழக்கம். மாதம் ஒருமுறை, சிராங்கூன் ரோட்டுச் சந்தொன்றில் மசாலாக் கடைக்கு மேலே இருக்கும் அரங்கில் ரசிகர்களைக் கூட்டிப் படங்களைப் பற்றிப் பேசவைப்பார். அவர் என்னைக் கூப்பிட்டு, "முதல் பாகமா, ரெண்டாம் பாகமான்னு நீ பேசு, மலர். நல்லா பேசிட்டா வானொலியில வாரா வாரம் பத்து நிமிஷம் உனக்குத்தான்" என்றார்.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. பக்க எண்களிலிருந்து விடுதலை! என் குரல் வானொலியில்!

"ஆனா மொத படத்த மறுபடி ஒரு தடவ பாத்துட்டு வந்துரு லா" என்றார் அக்கா. (எங்கள் ஊரில் பலருக்கு 'லா' போடாமல் வாக்கியம் முடியாது.)

"எனக்கு அது மனப்பாடம்க்கா" என்றேன்.

அந்த வாக்கியத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. இணையத்தில் தேடிப் பார்க்கவும் இல்லை. அடுத்தவர் எழுதிய விமர்சனங்கள் என் தனித்தன்மையைக் கெடுத்துவிடும் என்று கொள்கை வைத்திருந்தேன். அறிவிப்புத் தாளில் என் பெயருக்குப் பின்னால் 'பட்டதாரி' என்று போடச் சொல்லிக் கேட்டதும் நான்தான். அக்கா சிரித்துக்கொண்டே போட்டார்.

படம் வந்த முதல் நாளே அப்பா, அம்மா, நான் மூவரும் போய்ப் பார்த்தோம். நான் கையில் நோட்டுப் புத்தகம் வைத்திருந்தேன். முதல் காட்சியிலேயே குழப்பம். வயதான மாணிக்கம் தையல் மிஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

அப்பா என் காதில், "இவரு போலீஸ் ஆயிட்டாரே மலரு? மறுபடி எப்படி டெய்லரு?" என்று கேட்டார்.

"அதுதான் இயக்குநர் பண்ண தப்புப்பா. தன் படத்தையே மறந்துட்டாரு" என்றேன். நோட்டில் எழுதினேன்: 'கதைத் தொடர்ச்சி அறுந்தது.'

கொஞ்ச நேரத்தில், மாணிக்கத்தின் மகள் மேசை இழுப்பறையைத் திறந்தாள். உள்ளே சிவப்புப் பிடி போட்ட கத்தரிக்கோல் ஒன்று. அவ்வளவுதான், தியேட்டரே எழுந்து நின்று விசிலடித்தது. எங்கள் முன்வரிசையில் ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அம்மா, "கத்தரிக்கோலுக்கு எதுக்கு அழுவுது அந்தப் பொண்ணு?" என்றார்.

நான் நோட்டில் எழுதினேன்: 'பொருளற்ற கைதட்டல். ரசனை வீழ்ச்சி.'

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. தலைக்கனம் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் எடுத்துப் படிப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கீழே மிளகாய் அரைக்கும் வாசனை. மேலே வடை, டீயோடு அறுபது பேர். முன்வரிசை முழுக்க என் குடும்பம். பட்டமளிப்பு விழாவுக்குப் போட்ட அதே சட்டையில் அப்பா. அம்மா, சித்தப்பா, சித்தி, அப்பாவின் கம்பெனி பஸ்ஸிலிருந்து ஏழு பேர். அப்பா ஓவர்டைமை விட்டுவிட்டு வந்திருந்தார். போன் கேமராவை நான் மேடையேறும் முன்பே ஓடவிட்டிருந்தார்.

நான் தொடங்கினேன்.

"இரண்டாம் பாகத்தின் பூதம், கணினி பெற்றெடுத்த பூதம். முதல் பாகத்தின் பூதமோ, முகப்பவுடரும் தொப்பையும் கொண்ட நம் வீட்டுப் பூதம்." கைதட்டல். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அங்கேயே வணக்கம் சொல்லி இறங்கியிருக்கலாம்.

"ஆனால் முதல் பாகத்தின் உண்மையான சாதனை எது? இடைவேளைக்குப் பிறகு பூதத்தையே படத்திலிருந்து நீக்கிவிட்ட துணிச்சல்! இதை நான் 'இன்மையின் அழகியல்' என்பேன். தையல்காரர் காவல் அதிகாரியாகிறார். துணியை வெட்டிய கை, தீமையை வெட்டுகிறது. பூதம் எங்கே? ஏட்டின் தொப்பைக்குள்! அந்த ஏட்டின் தொப்பியைக் கவனியுங்கள். அது அவர் தலைக்கு ஓர் இஞ்ச் பெரிது. பூதத்தின் அளவு தப்பும் குணம் அங்கே குறியீடாக ஒளிந்திருக்கிறது!"

(தொப்பி விஷயம் என் சொந்தக் கண்டுபிடிப்பு. அதற்காக ஒரு வாரம் மீண்டும் மீண்டும் படத்தை நிறுத்திப் பார்த்திருந்தேன். உண்மையாகவே தொப்பி பெரிதுதான். அந்த நடிகருக்குத் தலை சிறிது.)

அரங்கில் அசைவே இல்லை. வடைக்குப் போன கைகள் பாதியில் நின்றிருந்தன. அதை நான் வியப்பு என்று எடுத்துக்கொண்டேன். மணி அடித்தது. உப்பளச் சண்டையில் உப்பு, கண்ணீரின் உருவகம் என்று இன்னும் இரண்டு நிமிடம் பேசிவிட்டு முடித்தேன். முன்வரிசை மட்டும் இடி மாதிரி கைதட்டியது.

"கேள்வி இருக்கா?" என்றார் ரஹ்மத் அக்கா. அவர் குரல் ஏதோ மாதிரி இருந்தது.

மூன்றாவது வரிசையில் கண்ணாடி போட்ட ஒருவர் எழுந்தார். யாழ்ப்பாணத்து வழி வந்தவர், அரசாங்க அலுவலகமொன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர்.

"பிள்ளை, நல்ல வடிவாய்க் கதைச்சீங்கள். எனக்கொரு சின்னச் சந்தேகம். அந்தப் பொலிஸ் ஆர்?"

நான் புன்னகைத்தேன். (அந்தப் புன்னகையும் அப்பாவின் போனில் பதிவாகியிருக்கிறது.) "ஐயா, படத்த இன்னொரு தடவ கவனமா பாத்தீங்கன்னா புரியும்."

"நான் ஏழு தரம் பார்த்தனான், பிள்ளை. அதிலை பொலிஸே இல்லை. ஒரு காக்கிச் சட்டை வருகுது. அதுவும் தைக்கக் குடுத்தது."

சிரிப்பு கிளம்பியது. எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அப்பா எழுந்துவிட்டார்.

"யாரு சொன்னா போலீஸ் இல்லைன்னு? என் மக நாப்பது தடவ பாத்துருக்கா! நானும் பாத்துருக்கேன்! போலீஸ் இருக்காரு!"

அம்மாவும் எழுந்தார். "உப்பு மூட்டையத் தூக்கிப் போட்டு அடிப்பாருங்க. நான் என் கண்ணால பாத்தேன்." நீதிமன்றத்தில் சாட்சி சொல்வது போலவே சொன்னார்.

அரங்கம் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது. அப்போதுதான் சித்தப்பா மெதுவாக அப்பாவின் சட்டையை இழுத்தார்.

"அண்ணே... அந்த உப்பளத்துக்காரரு எங்க வீட்டுப் படத்துல இருக்குற போலீசுண்ணே. மீசை வச்சிருப்பாரே, அவருதானே?"

"ஆமாடா! அதான் சொல்றேன்!"

"ஆனா எங்க வீட்ல அவரு மொதல்லயே வந்துருவாருண்ணே. ரயிலுக்கு டிக்கெட்டு எடுப்பாரு. அதுக்கப்புறம்தான் பூதம்."

சித்தி சேர்ந்துகொண்டார். "போலீசு வேலைய விட்டுட்டு தையக்கடை வச்சிருவாரு. கடைசில சேப்புக் கத்தரிக்கோலால பூதத்தக் கட்டி வச்ச நூல வெட்டி, அதப் போவச் சொல்லுவாரு. அது போவாது. ஒக்காந்து பாவாடைக்கு ஓரம் அடிக்கும். எனக்கு எப்பவுமே அழுகை வந்துரும்."

'சிவப்புக் கத்தரிக்கோல்' என்று கேட்டதும் தியேட்டரில் அழுத அந்தப் பெண் நினைவுக்கு வந்தார்.

ரஹ்மத் அக்கா இடுப்பில் கைவைத்து என் குடும்பத்தை வரிசையாகப் பார்த்தார். "அல்லா! உங்க ரெண்டு வீட்டுலயும் ரெண்டாவது டிஸ்க் மாறிப்போச்சு லா!"

அந்தக் கட்டடம் சிரித்த சிரிப்பில், கீழே மசாலாக் கடைக்காரர் என்னவோ ஏதோ என்று மேலே ஓடி வந்தார். அவருக்கும் விளக்கினார்கள். அவரும் சிரித்தார். யாழ்ப்பாணத்துப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், என்னைப் பார்த்தார், மறுபடி கழற்றினார்.

மேடையில் நின்றபடி நான் வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: ஒரு தையல் மிஷின். பின்பக்கமாக மிதித்து, 'என்னை வேற ஆளா மாத்திடு' என்று சொல்லியிருப்பேன். மூக்கு ஓர் இஞ்ச் கூடினாலும் பரவாயில்லை.

வானொலி போயிற்று என்று தெரிந்தது. ரஹ்மத் அக்காவின் முகத்தைப் பார்க்காமலே படியிறங்கினேன். லிட்டில் இந்தியா நிலையத்தில் ரயில் ஏறி புக்கிட் பாஞ்சாங் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தோம். அப்பா போனை எடுத்து, பதிவான வீடியோவைப் பார்த்துவிட்டு மூடினார். எனக்கு அதுதான் தாங்கவில்லை. பஸ்ஸில் வரும் ஏழு பேரும் நாளைக் காலை அவரை என்ன கேட்பார்கள்?

"மலரு" என்றார் அப்பா கடைசியில். "தப்பு என்னோடதும்மா. அன்னிக்கு டிஸ்க்க மாத்தி எடுத்தது நாந்தான். பெரிசா 2ன்னு போட்டிருந்துச்சு. எனக்கு நம்பர் மட்டுந்தான் தெரியும். கீழ சின்னதா படத்துப் பேரு இருக்கும் போல. படிக்கத் தெரிஞ்சிருந்தா பாத்துருப்பேன்."

அந்த டிஸ்க் என் கண் முன்னால் அப்படியே தெரிந்தது. நீல நிறம், கம்பெனி முத்திரை, பெரிய 2. அதற்குக் கீழே பொடி எழுத்து. எட்டு வயதிலிருந்து அதைப் பெட்டியிலிருந்து எடுத்துப் போடுபவள் நான்தான். தொப்பியை ஆராய்ந்த அந்த ஒரு வாரமும் தினமும் கையில் எடுத்திருக்கிறேன். குறியீடு, உருவகம், இன்மை எல்லாவற்றையும் படித்த நான், டிஸ்க்கில் எழுதியிருந்ததைப் படிக்கவில்லை.

"எனக்குப் படிக்கத் தெரியும்லப்பா" என்றேன். "நானும் பாக்கலையே."

அப்பா என்னைப் பார்த்தார். சித்தப்பா எதிர் இருக்கையிலிருந்து, "அப்ப அந்தப் பட்டத்த திருப்பிக் குடுத்துரும்மா. டிவிக்கு மேல வேற எதாவது மாட்டிக்கலாம்" என்றார். முதலில் சிரித்தது அம்மா. அப்புறம் அப்பா. சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் போனிலிருந்து தலையைத் தூக்கிப் பார்க்கிற அளவுக்குச் சிரித்தோம்.

சித்தப்பா வீட்டு பிளேயர் இறந்து பல வருடம் ஆகிறது. அதனால் அவர் டிஸ்க்குகளை மட்டும் எடுத்துக்கொண்டு எல்ஆர்டி ரயில் பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆறு மணிக்கு எல்லோரும் டிவி முன்னால் உட்கார்ந்தோம். இந்த முறை இரண்டாவது டிஸ்க்கைப் போடுவதற்கு முன் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தேன். அப்பா தலையாட்டி அனுமதித்தார்.

பூதம் தூக்கிய விரலை இறக்கியது. இருபது வருடம் கழித்து.

இப்போதாவது உண்மையான ஒப்பீட்டைச் சொல்லிவிடுகிறேன். முதல் பாகம் நல்ல படம். மிக நல்ல படம். பூதத்தின் முகத்தில் பவுடர் பூசியதும், இடுப்பில் ஊக்கு குத்தியதும் அப்படியே தெரிகிறது. ஆனால் நூலை வெட்டி விட்ட பிறகும் போகாமல் உட்கார்ந்து பாவாடைக்கு ஓரம் அடிக்கும்போது, அந்த ஊக்கு யார் கண்ணிலும் படாது. இரண்டாம் பாகத்தில் பூதம் வானத்துக்கும் பூமிக்குமாக நிற்கிறது. ஒரு பொத்தான்கூடத் தைப்பதில்லை. அம்மா இதை என்னைவிட நன்றாகச் சொன்னார்: "பழைய பூதத்துக்கு வேல தெரியும். புதுசுக்கு உடம்பு மட்டுந்தான் இருக்கு. பூதத்துக்கு எதுக்கு ஜிம்மு?" பன்னிரண்டு நிமிடம் நான் பேசியதில் இந்த அளவுக்கு ஒரு வரி இல்லை.

படம் முடிந்ததும் அப்பா, "நல்லாத்தான் இருக்கு. ஆனா நம்ம படம்தான் நல்லா இருந்துச்சு. இதுல சண்டையே இல்ல" என்றார். எல்லோரும் ஒப்புக்கொண்டோம். டிஸ்க்குகளைப் பழையபடியே மாற்றிப் பெட்டிக்குள் வைத்தோம்.

மறுநாள் ரஹ்மத் அக்கா அழைத்தார். விமர்சனப் பகுதியை அந்த யாழ்ப்பாணத்துப் பெரியவருக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். நியாயம்தான், ஏழு முறை பார்த்திருக்கிறார். "உனக்கு வேற ஒண்ணு வச்சிருக்கேன் லா" என்றார். இன்றுவரை வாராவாரம் பத்து நிமிடம், ஒரு படத்தின் முதல் பாதியையும் வேறொரு படத்தின் பின்பாதியையும் ஒட்டி ஒரே கதையாக நான் சொல்கிறேன். எந்தெந்தப் படம் என்று நேயர்கள் கண்டுபிடிக்க வேண்டும். பகுதியின் பெயர் 'ரெண்டாவது டிஸ்க்'. பெயருக்குப் பின்னால் 'பட்டதாரி' போடவில்லை. அப்பா மட்டும் ஒவ்வொரு வாரமும் கேட்கிறார், ஏன் போடவில்லை என்று.

எங்கள் வீட்டில் யாராவது திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசினால், "டிஸ்க் மாறிடுச்சு" என்போம். சென்ற மாதம், நான் கல்யாணம் செய்துகொள்ள விரும்பும் பிரபாகரனை வீட்டுக்கு அழைத்து வந்தேன். பாவம், அவர் இஸ்திரி மடிப்பு கலையாமல் உட்கார்ந்து, அம்மா கொடுத்த எல்லாவற்றையும் சாப்பிட்டு, கேட்டதற்கெல்லாம் பணிவாகப் பதில் சொன்னார். வேலை, வீடு, அம்மா அப்பா எல்லாம் விசாரித்து முடிந்தது. அப்பா டிவிக்கு மேலிருந்த போட்டோவை ஒருமுறை பார்த்தார். பிறகு நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, மிகவும் கவலையாக, கடைசிக் கேள்வியைக் கேட்டார்:

"தம்பி, இதெல்லாம் மொத டிஸ்க்கு. ரெண்டாவதுலயும் நீங்கதானே வருவீங்க?"